ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?

1962-இன் வசந்த காலத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் இருந்த ஒரு தர்மாஸ்பத்திரிக்கு டிம்மி ஜீன் லிண்ட்சி என்கிற பெண் போகிறார். விவாகரத்தானவர், ஆறு பிள்ளைகளின் அம்மா. மார்பில் குத்தியிருந்த ரோஜாப்பூப் பச்சையை அழிக்கணும், அவ்வளவுதான் அவர் கேட்டது. டாக்டர்கள் அவரிடம் வேறொன்றைக் கேட்டார்கள். மார்பைப் பெரிதாக்க ஒரு புதுப் பொருள் செய்திருக்கிறோம், வைத்துக்கொள்ள விருப்பமா? லிண்ட்சிக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அதைவிட, துருத்திக்கொண்டு நிற்கும் என் காதைச் சரிசெய்து கொடுத்தால் தேவலை என்றார். காதையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று முடிவானது. உலகின் முதல் சிலிகான் மார்பக இம்ப்ளான்ட் ஒரு மனித உடம்புக்குள் போனது இப்படித்தான்.

டாக்டர்கள் பெயர் தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ. ரத்த வங்கியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் வந்துகொண்டிருந்த ரத்தம் பிளாஸ்டிக் பையில் வரத் தொடங்கிய காலம் அது. ஜெரோ ஒரு பையைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தபோதுதான் இந்த யோசனை வந்தது என்பது அந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. டவ் கார்னிங் கம்பெனி சிலிகான் கொடுத்தது. லிண்ட்சிக்கு முன்னால் அந்தப் பை எஸ்மரெல்டா என்ற நாயின் உடம்பில் சில வாரங்கள் இருந்தது. நாய் தையலைக் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்ததால் பையை வெளியே எடுத்தார்கள். நாய் நன்றாகத்தான் இருந்தது.

லிண்ட்சியும் நன்றாக இருந்தார். 50 வருடம் கழித்துப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தபோதும் அதே பைகள் அவர் உடம்பில் இருந்தன.

இதைப் படித்ததிலிருந்து என்னை உறுத்துவது ஒன்றுதான். 'இதனால் ஏதாவது ஆகுமா?' என்று லிண்ட்சி அன்று கேட்டிருந்தால் டாக்டர்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? நேர்மையான பதில், 'நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது மட்டும்தான்.

நம்ம ஊரில் அந்தக் கேள்வியை நாம் கேட்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 'ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?' பதிலை நாமே சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு 'ல்ல' போட்டு டாக்டரிடம் கையெழுத்து வாங்குகிறோம். இது வேண்டுதல். டாக்டரும் 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று விபூதி கொடுக்கிற மாதிரி கொடுத்துவிடுவார். ஆனால் நம் பாட்டிகளிடம் இதைவிடக் கறாரான ஒரு கேள்வி இருந்தது: 'இது உடம்புக்கு ஆகுமா?' கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, சொறி உள்ளவனுக்குக் கரப்பான் பண்டமே ஆகாது. சரியோ தவறோ, அந்த 'ஆகாது'வுக்குப் பின்னால் யார் சாப்பிட்டு என்ன ஆனது என்கிற கணக்கு ஒன்று இருந்தது. அழகு சிகிச்சையின் வரலாற்றில் அந்தக் கணக்கை எழுதி வைக்க வேண்டியது யார் என்பதே நூறு வருடத் தகராறு.

பழைய காலத்தில் இந்தப் பிரச்சினை இந்த வடிவத்தில் இல்லை. 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில், புனேயில் நடந்த ஒரு மூக்கு அறுவை சிகிச்சை பற்றிப் படத்துடன் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். நெற்றித் தோலை மடித்து இறக்கிப் புது மூக்கு வைத்தார் ஒரு உள்ளூர் வைத்தியர். இருபது வருடம் கழித்து, 1814-இல், ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். மயக்க மருந்து இல்லாத காலம், வலியை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. வைப்பது நோயாளியின் சொந்தத் தோல். அது ஒட்டும், அல்லது அழுகும். எதுவானாலும் சில வாரங்களில் ஊருக்கே தெரிந்துவிடும்.

தாமதமாக வரும் கேடு, உடம்புக்குச் சொந்தமில்லாத பொருளை உள்ளே வைக்க ஆரம்பித்தபோது வந்தது. 1899-இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதைகளை இழந்த ஒருவருக்கு அந்த இடத்தில் வாஸலினை ஊசி வழியாக ஏற்றினார். பார்க்க இயல்பாக இருந்தது. அவ்வளவுதான், அடுத்த சில வருடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாஸலினும் பாரஃபின் மெழுகும் மூக்கு, கன்னம், நெற்றிச் சுருக்கம், மார்பு என்று எல்லா இடத்துக்கும் போயின. சிஃபிலிஸ் நோயால் மூக்குத்தண்டு அமுங்கியவர்களுக்கு அது வரமாகத் தெரிந்தது. ஒரு ஊசி, பத்து நிமிடம், புது முகம்.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழகின கதை. மெமரி லீக் உள்ள ப்ரோகிராம் டெமோ அன்று அட்டகாசமாக ஓடும். மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுக்கும். பாரஃபினும் அப்படித்தான். வருடங்கள் போனபின் உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டியாக இறுக ஆரம்பித்தது. அந்தக் கட்டிகளுக்குப் 'பாரஃபினோமா' என்று தனிப்பெயரே வைக்க வேண்டியிருந்தது. சிலருக்கு மெழுகு இடம் பெயர்ந்தது. பாரிஸின் பெரிய மனிதர் வட்டாரத்தில் அழகிக்குப் பெயர்போன கிளாடிஸ் டீக்கன், கிரேக்கச் சிலை போல நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு வேண்டுமென்று இருபதுகளின் தொடக்கத்தில் மூக்குத்தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். அது மெல்ல இறங்கித் தாடையில் போய்த் தங்கியது. பின்னால் மார்ல்பரோ சீமாட்டி ஆனார், 1977 வரை வாழ்ந்தார், அந்த முகத்தோடுதான்.

முதலாம் உலகப்போர் முடிவதற்குள் மேற்கில் பெரும்பாலான மருத்துவர்கள் பாரஃபினைக் கைவிட்டார்கள். ஆனால் அந்தப் பாடம் எங்கும் விதியாக எழுதப்படவில்லை. அதனால்தான் இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானிலும், 1960-களில் லாஸ் வேகாஸ் நடன விடுதிகளைச் சுற்றியும், அதே தப்பை இன்னொரு திரவத்தை வைத்துச் செய்ய முடிந்தது. இந்த முறை சிலிகான் திரவம், நேராக மார்புக்குள் ஊசி. அதே கட்டிகள், அதே இடப்பெயர்ச்சி. க்ரோனினும் ஜெரோவும் சிலிகானைப் பைக்குள் அடைத்தது இந்தப் பின்னணியில் பார்த்தால் ஒரு முன்னேற்றம்தான். அதை மறுக்க முடியாது. பை கிழியாத வரை, கசியாத வரை.

கசிந்தது. 1975-இல் டவ் கார்னிங் புதிய, இன்னும் மென்மையான ஜெல் கொண்ட பைகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது விற்பனைப் பிரிவுக்குள் சுற்றிய ஒரு உள்கடிதம் பின்னாளில் வழக்குகளில் பிரபலமானது. மாதிரிப் பைகளைக் கையில் எடுத்துக் காட்டக் காட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது, அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் பக்கத்துக் கழிவறையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள் என்பது அதன் சாரம். கம்பெனியின் உள்ளே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோவது சுலபம். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது அந்தக் கடிதத்தின் தொனி. யாருமே அலறவில்லை. பக் தெரிகிறது, அடுத்த டெமோவுக்கு ஒரு தற்காலிக வழியும் எழுதிவிட்டார்கள். இந்த மாதிரி மெயில் எத்தனை பார்த்திருப்போம் நாம்.

இதற்கிடையில் அரசாங்கம் என்ன செய்தது? அமெரிக்காவில் மருந்துக்கு முன்அனுமதி தேவை. உடம்பில் வைக்கும் சாதனத்துக்கு 1976 மே வரை தேவையில்லை. அந்த வருடம் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே சந்தையில் இருந்த சாதனங்களை அப்படியே தொடர விட்டார்கள். பத்து வருடத்துக்கு மேலாக விற்றுக்கொண்டிருந்த மார்பகப் பைகள் இந்தச் சலுகையில் உள்ளே வந்துவிட்டன. அவை பாதுகாப்பானவை என்று கம்பெனிகள் நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறைக்கு வர 1991 ஆனது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பெண்களுக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சரியான எண்ணிக்கை இல்லை, ஏனென்றால் யாரும் எண்ணவில்லை.

1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மரியா ஸ்டெர்ன் என்ற பெண் டவ் கார்னிங் மேல் தொடுத்த வழக்கில் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் பின்னர் ஏற்பட்ட சமரசத்தில் ஆவணங்கள் முத்திரையிட்டு மூடப்பட்டன. அதாவது ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலை மற்ற பெண்கள் படிக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் எதுவும் சட்டவிரோதம் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

1990 டிசம்பரில் கானி சங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாதிக்கப்பட்ட பெண்கள் பேசினார்கள். மூட்டுவலி, தீராத சோர்வு, உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய்கள். 1992 ஜனவரியில் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தலைவர் டேவிட் கெஸ்லர் சிலிகான் ஜெல் பைகளை நிறுத்திவைக்கச் சொன்னார். ஏப்ரலில் அதைத் தளர்த்தி, புற்றுநோய்க்குப் பின் மார்பைச் சீரமைப்பவர்களுக்கும் ஆய்வுகளில் சேர்பவர்களுக்கும் மட்டும் அனுமதித்தார். அவர் சொன்ன காரணம் நுட்பமானது. இது ஆபத்து என்று நிரூபிக்கப்படவில்லை, ஆபத்தில்லை என்றும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவதை நிரூபிக்க வேண்டியது விற்பவரின் வேலை.

அதற்கு எதிர்த்தரப்பும் சாதாரணம் இல்லை. 1994-இல் மேயோ கிளினிக் ஆய்வு ஒன்று, பை வைத்துக்கொண்ட 749 பெண்களை வைத்துக்கொள்ளாத 1,498 பெண்களோடு ஒப்பிட்டு, இணைப்புத்திசு நோய்கள் கூடுதலாக வந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஆசிரியர் குழுவில் இருந்த மார்சியா ஏஞ்சல், அறிவியல் சொல்வதை நீதிமன்றங்கள் கேட்பதில்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் வழக்குகள் குவிந்து 1995-இலேயே டவ் கார்னிங் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் பெரிய அறிக்கையும் அதையேதான் சொன்னது: உடம்பு முழுக்க வரும் நோய்களுக்குத் தொடர்பு தெரியவில்லை. கூடவே, பை கிழிவது, சுற்றி வடு இறுகிக் கல்லாவது, மறுபடி மறுபடி ஆபரேஷன் என்று அதே இடத்தில் வரும் சிக்கல்கள் நிஜம், அவை அடிக்கடி வருகின்றன என்றது. 2006 நவம்பரில் பைகள் மறுபடி அனுமதிக்கப்பட்டன. கம்பெனிகள் பல்லாயிரம் பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த இடத்தில் பலர் கதையை முடித்துவிடுகிறார்கள், 'பாருங்க, எல்லாம் வீண் பீதி' என்று. ஆனால் முடியவில்லை. வடு இறுகுவதைக் குறைக்கலாம் என்று நம்பி, பையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்திருந்தார்கள். ஒரு பக்கை மூடப் போட்ட பேட்ச். 1997-இல் ஒரு மருத்துவ இதழில், இம்ப்ளான்டை ஒட்டி ஒரு அபூர்வமான லிம்ஃபோமா புற்றுநோய் வந்ததாக முதல் தகவல் வெளியானது. 2011-இல் எஃப்.டி.ஏ. தொடர்பு இருக்கலாம் என்றது. 2019 ஜூலையில் உலகம் முழுக்க 573 பேருக்கு அந்த நோயும் 33 மரணங்களும் பதிவாகியிருந்தன. நோயாளிகளில் பெரும்பாலோர் வைத்திருந்தது அலெர்கன் கம்பெனியின் சொரசொரப்பு வகை, அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். கோடிக்கணக்கான பைகளோடு ஒப்பிட்டால் சின்ன எண். ஆனால் கெஸ்லர் கேட்டதும் ஏஞ்சல் கேட்டதும் வேறு நோய்களைப் பற்றி. இதைப் பற்றி 1992-இல் யாருக்கும் கேட்கவே தெரிந்திருக்காது.

ஃப்ரான்ஸில் நடந்தது இன்னும் கொச்சையான கதை. ழான்-க்ளோத் மாஸ் என்பவரின் பி.ஐ.பி. கம்பெனி, மருத்துவத் தரச் சிலிகானுக்குப் பதில் மலிவான தொழிற்சாலைச் சிலிகானை அடைத்து விற்றது. ஐரோப்பியத் தரமுத்திரை இருந்தது. ஆய்வாளர்கள் வருவது முன்கூட்டியே தெரியும், வருவதற்குள் டப்பாக்கள் மறைந்துவிடும். பைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிவதை மருத்துவர்கள் கவனித்துச் சொன்னபிறகுதான் 2010 மார்ச்சில் தடை. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பெண்கள். 2013-இல் மாஸுக்கு நான்கு வருடச் சிறை. அந்தப் பெண்களில் ஒருவர் ஆபரேஷனுக்கு முன் 'இது பாதுகாப்பானதா?' என்று கேட்டிருந்தால், டாக்டர் முழு மனதோடு 'ஆம், முத்திரை இருக்கிறது' என்றுதான் சொல்லியிருப்பார். அவரும் ஏமாந்தவர்தான்.

2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஒரு விசித்திரமான காரியம் செய்தது. இம்ப்ளான்ட் விற்பனைக்கே ஒரு நிபந்தனை: நோயாளியோடு உட்கார்ந்து ஒரு பட்டியலை வரி வரியாகப் படித்து, அவர் ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் போட வாய்ப்புக் கொடுத்து, கடைசியில் கையெழுத்து வாங்கும் மருத்துவருக்கு மட்டும்தான் விற்கலாம். இவை ஆயுளுக்கும் இருக்கும் சாதனங்கள் இல்லை, நாள் ஆக ஆகச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடும், இந்த இந்தப் புற்றுநோய் வரலாம் என்று அதில் இருக்கும். நோயாளிகள் தாங்களே கூடிக் கேட்டு வாங்கிய பட்டியல் அது. லிண்ட்சியிடம் டாக்டர்கள் கேட்ட நாளிலிருந்து 59 வருடம்.

நம் நாட்டில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் பற்றி விரிவாகப் பேசியது. பரிசோதனைக்காக மயக்க மருந்து வாங்கிக்கொண்ட பெண்ணின் கருப்பையை, அவர் மயக்கத்தில் இருந்தபோதே எடுத்துவிட்ட வழக்கு. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள் எல்லாம் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதோடு, மிக அரிதான ஆபத்துகளைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்தி, தேவையான சிகிச்சையை அவர் மறுக்கும்படி செய்ய வேண்டியதில்லை என்றும் சொன்னது. அப்பெண்டிசைட்டிஸ் நோயாளிக்கு அந்தக் கருணை புரிகிறது. மூக்கை நேராக்க வந்தவர் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? அழகு சிகிச்சையில் அரிதான ஆபத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது என் வாசிப்பு.

2016 மே மாதம் சென்னையில் தலைமுடி மாற்று சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அவர் மருத்துவம் இறுதியாண்டு படித்தவர். அந்த இடம் அழகு நிலையத்துக்கான உரிமத்தில் நடந்தது என்று அப்போது செய்தி வந்தது. என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று பாடமாகவே படித்த பையன். இங்கே நம்மிடம் கேட்கச் சொல்லித் தரப்படும் கேள்விகள் எவ்வளவு செலவு, எத்தனை நாளில் தெரியும், இ.எம்.ஐ. உண்டா என்பவைதான். மயக்க மருந்து கொடுப்பது யார், மூச்சு நின்றால் இந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கவுண்டரில் இருக்கும் பெண் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் பல்லில் க்ளிப் போடப் போன இடத்தில் இப்படிக் கேட்டதற்கு, 'நெகட்டிவா யோசிக்காதீங்க சார்' என்று பதில் வந்தது.

கத்தி, ஊசி எல்லாம் பெரிய முடிவுகள், அதனால் அங்கேயாவது நாலு பேரை விசாரிப்போம். க்ரீமுக்கு யாரும் விசாரிப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் 'வெள்ளையாகுற க்ரீம் குடுங்க' என்றால், பல வருடங்கள் ஸ்டீராய்டு கலந்த ட்யூபைச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், நிறுத்தினால் எரியும், எரிச்சலுக்குப் பயந்து மறுபடி போடுவார்கள். 2018-இல் 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. பழக்கம் அறிவிக்கையைப் படிப்பதில்லை.

பாதரசம் அதைவிடப் பழைய தந்திரம். தோலில் நிறமி உருவாக்கும் நொதியை அது முடக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியே ரத்தத்துக்குப் போகும், அங்கிருந்து சிறுநீரகத்துக்கு. இந்தியாவின் அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கின்றன.

கேரளத்தின் கோட்டக்கல்லில் சில சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். சிறுநீரக வடிகட்டியில் ஓட்டை விழுந்து புரதம் கசியும் 'மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி' நோயாளிகள் 22 பேர். சிறுநீர் நுரைக்கும், கால் லேசாக வீங்கும், அசதி. அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதம் திசுவில் இருந்தது, அது அவ்வளவு சாதாரணமாகக் காணப்படும் வகை இல்லை. அந்த வகைக்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதால் முதலில் அதைத் தேடுவது வழக்கம். இவர்கள் கூடவே நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டார்கள், முகத்துக்கு என்ன போடுறீங்க என்று. 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரிசோதித்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. சில டப்பாக்களில் தயாரித்தவர் யார், உள்ளே என்ன என்ற விவரமே இல்லை.

எந்த நோயாளியும் அதைத் தானாகச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டால் யார் க்ரீமைச் சொல்வார்கள்? பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்தியபின் நோய் தணிந்தது.